கல் நடக்கும் மலையில் ஒரு வேண்டுதல்

செஞ்சிக்காரனுக்குக் கல்லைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்றுதான் இந்த வயதுவரை நினைத்திருந்தேன். எந்த ஜன்னலைத் திறந்தாலும் பாறை. லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இப்போது உருளுமோ, அப்போது உருளுமோ என்று வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பயப்படுவார்கள். நாங்கள் அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். கல் என்றால் வைத்த இடத்தில் இருப்பது. இந்த ஞானத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் போன ஆவணியில் நானும் என் மனைவி வசந்தாவும் கிர்கிஸ்தானுக்கு விமானம் ஏறினோம்.

எங்கள் ஒரே மகள் மலர்விழி அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். அந்த நாட்டுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கத்தான் போகிறார்கள் என்பதால், திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் என் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதாமே" என்பார்கள். டாக்டர் பட்டம்தான், ஆனால் கல்லுக்கு என்று ஒருமுறை விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் "கல்லு டாக்டர் இன்னா சொல்லுது?" என்றுதான் நலம் விசாரிக்கிறார்.

அந்த ஆவணியோடு அளவெடுக்கும் வேலை முடிகிறது, ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தை மாதம் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று மலர் சொல்லியிருந்தாள். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலையும் பேசி வைத்திருந்தாள். அனந்தபுரம் ரோட்டில் அவள் பேரில் நாங்கள் வாங்கிப் போட்ட மனையில் முள் மண்டிக் கிடக்கிறது. அதில் ஒரு வீடு எழும்ப வேண்டும், அந்த வீட்டில் மகள் இருக்க வேண்டும், தான் காலையில் நடந்தே போய் அவளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வசந்தாவுக்கு ஆசை என்று இருந்தது இவ்வளவுதான்.

"அவ இவ்ளோ நாளு இருந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்க. அவ வந்துட்டா அப்புறம் நாம எங்க அங்க போகப்போறோம்?" என்றாள். சரி என்று கிளம்பினோம்.

டெல்லியில் ஏறிய விமானத்தில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள். ஊறுகாய் பாட்டில் உடைந்ததா இல்லையா என்று மேலே பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட் மாட்டச் சொல்லி முடிப்பதற்குள் அவலூர்பேட்டைக்காரப் பெண் ஒருத்தியை வசந்தா கண்டுபிடித்துவிட்டாள். விமானம் இறங்கும்போது அந்தப் பெண்ணின் பெரியம்மா எங்களுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாகியிருந்தாள்.

தலைநகரில் முதல் நாள் சாப்பாடு தமிழ் மெஸ்ஸில். சாம்பாரில் முருங்கைக்காய் இல்லை, மற்றபடி குறை சொல்ல முடியாது. மலர் எங்களைவிட வேகமாகச் சாப்பிட்டாள். கன்னம் காற்றில் வெடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. "இன்னாடி இது, ஆடு மேய்க்கிறவளாட்டம்?" என்று வசந்தா அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைவிட அவள் நடைதான் புதிதாக இருந்தது. தெருவில்கூடக் காலை அழுத்திப் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்கிறாள்.

மறுநாள் மலையடிவாரக் கிராமத்துக்குப் புறப்பட்டோம். வேனின் பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார் டிரைவர் ஐபெக். மலரோடு மலைக்கு ஏறுகிறவரும் அவர்தான். நாற்பது வயதிருக்கும். ஆட்டு மந்தை சாலையை அடைத்தபோதும் அவர் ஹாரன் அடிக்கவில்லை, டயர் போனபோதும் பதறவில்லை. நம் ஊர் மேக்ஸி கேப்பாக இருந்தால் இதற்குள் ஒரு கைகலப்பு நடந்திருக்கும். டயர் மாற்றும் நேரத்தில் கூட வந்த பாட்டி ஒருத்தி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். மலர் மொழிபெயர்த்தாள்.

"உங்கள் ஊரில் மலை உண்டா?"

"மூணு இருக்குது. மேல கோட்டைகூட இருக்குது."

"பனி?"

"பனியெல்லாம் கிடையாதும்மா."

பாட்டி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "பனி இல்லாமல் மலையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்? தண்ணீருக்கு எங்கே போவீர்கள்?"

ஏரி, கிணறு, போர் என்று அடுக்கினேன். போர் ஆயிரம் அடிக்குப் போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

கிராமத்தில் நாங்கள் தங்கியது குல்மீரா என்கிற அம்மாளின் வீட்டில். மலரும் நாலு வருஷமாக மலைக்கு வரும்போதெல்லாம் அங்கேதான் தங்குகிறாள். குல்மீரா கிண்ணத்தில் பாதிதான் டீ ஊற்றினாள். செஞ்சியில் சம்பந்தி வீட்டில் இப்படிப் பாதி டம்ளர் கொடுத்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. அங்கே பாதி ஊற்றினால்தான் மரியாதையாம். நிரம்ப ஊற்றிவிட்டால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தமாம். குதிரைப் பாலைப் புளிக்கவைத்த ஒரு பானமும் வந்தது. புளித்த கூழை நீர் விட்டுக் கரைத்தால் வரும் வாசம். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். வசந்தா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு "வெள்ளிக்கிழமைன்னு சொல்லுடி" என்றாள் மகளிடம். அன்று புதன்கிழமை.

டீ ஊற்றிக்கொண்டே குல்மீரா ஏதோ கேட்டாள். மலர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இன்னா கேக்குறாங்க?"

"'இந்த வருஷம் கல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது?'ன்னு கேக்குறாங்க. வருஷா வருஷம் கேப்பாங்க. நாளைக்கு அளந்துட்டுச் சொல்றேன்னேன்."

கல் நடக்குமா என்று நான் சிரித்தேன். மலர் சிரிக்கவில்லை.

காலையில் ஏறினோம். வசந்தாவுக்கு மூட்டு வலி என்பதால் குதிரை. எங்கள் ஊரில் குதிரை என்றாலே கோட்டையை ஆண்ட ராஜாவின் கதைதான். அந்தக் கதையைப் பாதி வழிவரை அவள் குதிரைக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். புல் முடிந்து, பள்ளத்தாக்கு திரும்பியதும் அது தெரிந்தது. ஒரு பிரம்மாண்டமான கற்குவியல். மேலே இரண்டு மலைகளுக்கு நடுவிலிருந்து கிளம்பி, கெட்டியான களியைத் தட்டில் சாய்த்தால் மடிப்பு மடிப்பாக வழியுமே அப்படி வழிந்து, முன்பக்கம் செங்குத்தாக நின்றுபோயிருந்தது.

"நம்ம ஊரு மலைதான்டி இது!" என்றாள் வசந்தா குதிரையிலிருந்தே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"மேலுக்குப் பாக்கத்தான்ம்மா கல்லு," என்றாள் மலர். "உள்ள பூரா ஐஸு. கல்லும் மண்ணும் ஐஸும் ஒண்ணா எறுகிப்போயி, வருஷம் முழுக்க ஒறைஞ்சே கெடக்குது. வெயில் காலத்துல மேலாப்புல கொஞ்சம் எளகும், அவ்ளோதான். அது தன் கனம் தாங்காம சரிவுல எறங்கிகினே இருக்குது. பாறைப் பனியாறுன்னு சொல்லுவோம்."

"ஆறா? தண்ணியே காணோம்."

அவள் என்னைக் கற்குவியலின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனாள். கல்லுக்கடியிலிருந்து வாய்க்கால் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கையை வைத்ததும் எலும்புவரை குத்தியது. கோடையில் கிராமத்துக்குக் குடிக்கவும் உருளைக்கிழங்குக்குப் பாயவும் இந்தத் தண்ணீர்தான் என்றாள். உலகம் சூடேறச் சூடேற உள்ளே இருக்கும் உறைபனி இளகுகிறது. இளகினால் கல் வேகமாக இறங்கும். ஒருநாள் இந்தச் செங்குத்து முகம் பிடி விட்டுச் சரிந்தால் கீழே குல்மீராவின் வீடு இருக்கிறது.

"போன வருஷம் இங்க ரொம்ப வெயிலு. அதுக்கப்புறம் கல்லு வேகம் புடிச்சுதா இல்லியான்னு இன்னிக்கித் தெரிஞ்சிடும் நைனா. என் வேலை மொத்தமும் அதுலதான் நிக்குது."

"எப்பிடி அளப்ப?"

குதிரை மேலிருந்த பெட்டியைக் காட்டினாள். "இந்த மிஷினு வெச்சுத்தான்." அத்தோடு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கற்குவியலின் மேல் பாதுகாப்பான ஒரு பாறையாகப் பார்த்து எங்களை உட்காரவைத்தாள். எதிர்க்கரையில் மிஷினை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லி ஐபெக்கோடு கிளம்பினாள். "ப்ளாஸ்க்குல டீ இருக்குது. ரொம்ப தூரம் போவாதீங்க, கல்லு ஆடும்" என்றாள். கல்லைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. மலைமேல் உட்கார்ந்திருக்கும் பெற்றவர்களிடம் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கொஞ்ச நேரம் டீ குடித்தோம். கொஞ்ச நேரம் குளிரைத் திட்டினோம். பிறகு வசந்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஏங்க, மலைன்னு வந்துட்டு சும்மா எறங்கக் கூடாதுங்க. நாலு கல்லு எடுத்தாங்க."

நம் பக்கத்து மலைக்கோயில்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஏறும் வழியில் கல்மேல் கல்லாக அடுக்கிவிட்டு வருவோம். அடுக்கிய கல் நின்றால் வீடு நிற்கும் என்று நம்பிக்கை. அங்கே கோயில் இல்லையே என்றேன். "மலை இருக்குதில்ல?" என்றாள்.

அவளுக்குக் குனிய முடியாது. நான்தான் பொறுக்கப் போனேன். அங்கே கிடந்ததெல்லாம் உடைந்து முனை நீட்டிய கற்கள், ஒன்றும் ஒன்றின்மேல் நிற்காது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடுக்குவதற்கென்றே செய்ததுபோல் நல்ல தட்டைக் கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து எட்டு தள்ளிப் போனால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. பெயின்ட்டைப் பார்த்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது. ப்ரைமர் அடிக்காமல் எனாமலை நேராகப் பூசியிருக்கிறான் எவனோ என்று எண்ணிக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. செஞ்சியில் பாறைக்குப் பாறை பெயின்ட். காதலர் பேர், கட்சிச் சின்னம், டியூஷன் சென்டர் போன் நம்பர். கல்லில் பெயின்ட் இருந்தால் அதில் ஒரு சேதி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

ஐந்து கல் கொண்டுவந்தேன். இன்னும் இரண்டு வேண்டும் என்றாள் வசந்தா. "போதும், மூச்சு வாங்குது" என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றி, ஆட்டம் பார்த்து, அடியில் சின்னச் சில்லு கொடுத்து அடுக்கினாள். ஐந்தும் அசையாமல் நின்றன. கும்பிட்டுவிட்டு என்னையும் கும்பிடச் சொன்னாள். நானும் மனதார வேண்டிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, அப்போது எனக்கு அழுகை வந்தது.

மலர் திரும்பி வந்தபோது மதியம் கழிந்திருந்தது. தூரத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்தாள்.

"பாருடி, உனக்குத்தான். ஊருக்கு வந்துடணும், நம்ம மனையில வீடு கட்ணும்னு வேண்டிகினு அம்மா வெச்சிருக்கேன்," என்றாள் வசந்தா.

மலர் அந்த ஐந்து கற்களையும் பார்த்தாள். அவள் உதடு ஒருமுறை கோணியது. "நல்லா இருக்குதும்மா," என்றாள். குனிந்து அம்மாவின் கால் செருப்பு வாரைச் சரி செய்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நைனா, கொஞ்சம் வாயேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வசந்தாவுக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்றாள். "எந்தெந்த எடத்துலேர்ந்து எடுத்த? காட்டு."

"எதுக்கு?"

"காட்டேன் நைனா."

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கல். எடுத்த இடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. இங்கேதான் என்று ஒன்றைக் காட்டினேன், இல்லை அங்கே என்று இன்னொன்றைக் காட்டினேன். காட்டக் காட்டத்தான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. மீதியை அவளே சொன்னாள்.

முதல் வருஷம் அவள் கரைக்குக் கரை நேர்க்கோடாகத் தட்டைக் கற்களைத் தேடித் தேடி வைத்திருக்கிறாள். ஆடாமல் உட்கார வேண்டும் என்றுதான் தட்டைக் கல். ஒவ்வொரு ஆவணியிலும் அந்தக் கற்கள் கோட்டைவிட்டு எவ்வளவு கீழே இறங்கியிருக்கின்றன என்று மிஷினை வைத்து அளப்பாள். அதுதான் கல் நடந்த கணக்கு. நான் பொறுக்கியது நடுவில் கிடந்த ஐந்து கற்களை.

"ஓரத்துக் கல்லு இருக்குதில்ல?" என்றேன்.

"ஓரத்துல அவ்ளோவா நகராது. நடுவுலதான் ஓட்டம்."

"போட்டோ?"

"போட்டோவ வெச்சு வெரக்கடை கணக்கெல்லாம் சொல்ல முடியாது நைனா." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போன வருஷத்து வெயிலுக்கப்புறம் எவ்ளோ ஓடுச்சுன்றது இனிமே யாருக்கும் தெரியாது. அது போச்சு."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"புதுசாக் கல்லு வெக்கணும். அடுத்த ஆவணி, அதுக்கடுத்த ஆவணி அளக்கணும். பழைய கணக்கு புதுக் கல்லுக்கு ஒத்துவராது, ஒரு வருஷக் கணக்க மட்டும் வெச்சுகினு வேகம் கூடிச்சா கொறைஞ்சுதான்னு சொல்ல முடியாது."

நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "தைக்கு வரல," என்று அவளே சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாத. தாங்காது."

இதை வசந்தா படிப்பாள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் குல்மீரா பாதிக் கிண்ணம் டீயை நீட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டாள். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. மலர் கிண்ணத்தையே பார்த்தபடி ஏதோ சொன்னாள். குல்மீரா ஜன்னல் வழியாக மலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ரொட்டியைப் பிட்டு எங்கள் முன்னால் வைத்தாள். இந்த வருஷம் ஒழுங்காக அளக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னதாக மலர் பிறகு சொன்னாள். ஏன் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. அவள் வீட்டு மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், சாய்வதற்கே கூசியது.

மறுநாள் வசந்தா குல்மீராவோடு ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். பாஷையே இல்லாமல் இருவரும் அப்படிச் சிரித்தார்கள். நான் மலரோடு ஏறினேன். தட்டைக் கல்லாகப் பார்த்துச் சுமந்து அவள் காட்டிய இடத்தில் வைத்தேன். கல்லைத் துடைத்து, காயவிட்டு, இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன். தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் "நைனா, அந்தக் கல்லுக்குச் சில்லு குடு" என்று ஏதாவது வேலை சொன்னாள்.

வசந்தாவின் அடுக்கை அவள் கலைக்கவில்லை. அந்த ஐந்து கல்லை மறுபடி எடுத்து வைக்கலாமே என்றேன். "இருக்கட்டும். அம்மா வெச்சது," என்றாள். மிஷினை அதன் பக்கம் திருப்பி, அது நிற்கும் இடத்தையும் அளந்து குறித்துக்கொண்டாள். "அதுவும் எறங்கி வரும்ல?"

விமான நிலையத்தில் வசந்தா மகளின் வெடித்த கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள். மலர் சின்னப் பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் பெட்டிகளை எண்ணுவதாகப் பாவனை செய்தேன்.

செஞ்சிக்கு வந்ததும் வசந்தா தெருவில் ஒருத்தரை விடவில்லை. "தைக்கு வந்துடும். வேண்டிகினு வந்திருக்கேன்." அனந்தபுரம் ரோட்டு மனையில் ஆள் விட்டு முள்ளை வெட்டவைத்தாள். மேஸ்திரியை அழைத்து வாசல் எந்தப் பக்கம் என்று பேசினாள். கடையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோட்டை மலையான ராஜகிரியின் பாறைகளைப் பார்க்கும்போது முன்பிருந்த தைரியம் இல்லை. அவை அசையவில்லைதான். எனக்குத்தான் எதையும் நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மலர் போன் செய்தாள். ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருஷம் நீள்கிறது என்றாள். அங்கே வெயில் கூடிவிட்டது, அதனால் அளவு சரியாக வரவில்லை என்றாள். அந்த வெயில் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினாள். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வசந்தா போனை என்னிடம் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அரிசியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றிருந்தாள்.

"தப்பு என்மேலதாங்க," என்றாள். "அஞ்சோட நிறுத்திட்டேன். நான் கேட்ட மாதிரி ஏழா வெச்சிருக்கணும். அன்னிக்கி உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு விட்டுட்டேன்."

நான் வாசற்படியிலேயே நின்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"அடுத்த தடவ போறப்போ ஞாபகப்படுத்துங்க. ரெண்டு கல்லு பாக்கி இருக்குது," என்றாள்.

சரி என்றேன்.